ஒரு பஸ் இரண்டு பஸ் ஆனபோது: சாந்தியாகோவின் வழித்தட மாற்றம்

2007 பிப்ரவரி 10, சனிக்கிழமை. சிலி நாட்டின் தலைநகரான சாந்தியாகோவில் அன்று காலை நிறுத்தத்துக்கு வந்தவர்களுக்கு, முந்தைய நாள் வரை ஏறிய பஸ் வரவில்லை. எண் மாறியிருந்தது, நிறம் மாறியிருந்தது, போகும் பாதையும் மாறியிருந்தது. ஓட்டுநரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் பழக்கமும் முடிந்துவிட்டது, இனி அட்டைதான். வீட்டருகே ஏறி வேலை இடத்தருகே இறங்கிக்கொண்டிருந்த பலர், இடையில் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ மாற வேண்டியிருந்தது.

ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாழும் பெருநகரம் அது. அதன் மொத்தப் பஸ் வலைப்பின்னலும் ஒரே நாளில் மாற்றப்பட்டது. அந்தத் திட்டத்தின் பெயர் டிரான்ஸாந்தியாகோ. போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும், பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாக.

எச்சரிக்கை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது போதாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் எந்த நகரத்தில் வழித்தட மாற்றம் முன்மொழியப்பட்டாலும் அதன் அடிப்படை யோசனை அநேகமாக இதுதான்: நீண்ட நேரடி வழித்தடங்களை வெட்டு, முக்கியச் சாலைகளில் பெரிய பஸ்களை அடிக்கடி விடு, குடியிருப்புப் பகுதிகளிலிருந்து சின்னப் பஸ்களில் மக்களை அங்கே கொண்டுவந்து சேர். யோசனை தவறானதல்ல. பல ஊர்களில் அது நன்றாக வேலை செய்கிறது. சாந்தியாகோவில் அது ஏன் மக்களை வதைத்தது என்று பார்த்தால், பயணிக்கு ஒரு வழித்தடம் என்பது உண்மையில் என்ன என்று புரியும்.

மஞ்சள் பஸ்கள்

பழைய முறை நல்ல முறை அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1970-களின் கடைசியிலும் 80-களிலும், ராணுவ ஆட்சிக் காலத்தில், சிலியில் பஸ் தொழிலின் மேல் இருந்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் பஸ் ஓட்டலாம், கட்டணத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. பஸ்கள் பெருகின, கட்டணமும் ஏறியது, நகர மையத்தில் பாதி காலியான பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் டெண்டர் வைத்து ஓரளவு ஒழுங்குபடுத்தினார்கள். எல்லாப் பஸ்களுக்கும் மஞ்சள் நிறம் வந்தது அப்போதுதான். ஊர் மக்கள் அவற்றை மஞ்சள் மீக்ரோ என்றார்கள்.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஏறக்குறைய 8,000 மஞ்சள் பஸ்கள் ஓடின. ஆயிரக்கணக்கான முதலாளிகள், பலருக்கு ஒன்றிரண்டு பஸ்தான். ஓட்டுநரின் சம்பளம் அவர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. அதனால் ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு பஸ் போட்டி போட்டு ஓடும். குறைந்த கட்டணம் தரும் மாணவர்கள் கை காட்டினால் நிற்காமல் போகும் பஸ்களும் உண்டு. ஓட்டிக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுப்பார் ஓட்டுநர். விபத்துகள், புகை, வசவு எல்லாம் அன்றாடம்.

ஆனால் அந்தப் பஸ்களில் ஒரு குணம் இருந்தது. வழித்தடங்கள் மிக நீளமானவை. நகரத்தின் ஒரு விளிம்பில் கிளம்பி, மையத்தைக் கடந்து, மறு விளிம்பு வரை போகும். சாந்தியாகோவின் அமைப்புக்கு இது முக்கியம். புவெந்தே ஆல்தோ, லா பின்டானா, மைப்பூ மாதிரியான தெற்கு, மேற்குப் பகுதிகளில் உழைக்கும் மக்கள் வாழ்கிறார்கள். வேலைகள் மையத்திலும், புரோவிடென்சியா, லாஸ் கோன்டெஸ் போன்ற வசதியான கிழக்குப் பகுதிகளிலும் இருக்கின்றன. வீட்டு வேலை செய்யும் பெண், கட்டட வேலைக்குப் போகிறவர், கடைச் சிப்பந்தி ஆகியோருக்கு நகரத்தைக் குறுக்காகக் கடப்பதுதான் ஒவ்வொரு நாளும். நேரம் ஆகும், குலுங்கும், ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் இறங்க வேண்டிய இடம் வரை போய்விடலாம். பஸ் மாறுவது என்பது அபூர்வம். மாறினால் மறுபடி முழுக் கட்டணம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வரைபடத்தைப் பார்க்கிற நிபுணருக்கு இந்த நீளமான கோடுகள் வீண் செலவாகத் தெரியும். ஒரே பெரிய சாலையில் பல வழித்தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று. அது உண்மையும்கூட. ஆனால் அதே கோடு லா பின்டானாவில் வாழும் பெண்ணுக்கு ஒரு இருக்கையும் ஒரு டிக்கெட்டும். வீண் செலவை வெட்டும்போது இந்த இரண்டும் சேர்ந்து வெட்டுப்பட்டன.

காகிதத்தில் இருந்த திட்டம்

ரிக்கார்டோ லாகோஸ் அதிபராக இருந்த காலத்தில் (2000 முதல் 2006 வரை) புதிய திட்டம் உருவானது. நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஓட உள்ளூர் ஊட்டுப் பஸ்கள், பகுதிகளை இணைக்கப் பெரிய சாலைகளில் தண்டுவடப் பஸ்கள், நடுவில் முதுகெலும்பாக மெட்ரோ. 18 மீட்டர் நீள, இரண்டு பெட்டிகளை ஒன்றாக இணைத்த தாழ்தளப் புதிய பஸ்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை, பெயர் பிப். குறிப்பிட்ட நேரத்துக்குள் மாறினால் மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டாம். ஓட்டுநருக்கு மாதச் சம்பளம், டிக்கெட் கணக்கு இல்லை. செயற்கைக்கோள் வழியாகப் பஸ்களைக் கண்காணிக்கும் மையம். பஸ்களுக்கென்றே தனித் தடங்கள். பழைய முதலாளிகள் எதிர்த்தார்கள். 2002 ஆகஸ்டில் பஸ்களைக் குறுக்கே நிறுத்திச் சாலைகளை மறித்தார்கள். அரசு பின்வாங்கவில்லை.

இதில் ஒவ்வொரு அம்சமும் நல்ல அம்சம். இன்று ஒரு நகரம் இப்படி ஒரு திட்டத்தை முன்வைத்தால் நானும் வரவேற்பேன்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் அதற்குள் உட்கார்ந்திருந்தன. முதலாவது, அரசு மானியம் இல்லாமல், கட்டண வருமானத்திலேயே முழு ஏற்பாடும் ஓட வேண்டும். இரண்டாவது, கட்டணம் பழைய அளவைவிடப் பெரிதாக ஏறக் கூடாது. கட்டணமும் ஏறாது, மானியமும் வராது, மாறிச் செல்வதும் ஏறக்குறைய இலவசம் என்றால், எங்கிருந்தாவது குறைக்க வேண்டுமே. பஸ் எண்ணிக்கையில் குறைத்தார்கள். வழித்தடங்களை வடிவமைத்த கணினி மாதிரி, இந்த எல்லைக்குள் மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் வலைப்பின்னலைத் தேடிக் கொடுத்தது. சுமார் 8,000 பஸ்கள் ஓடிய நகரத்தில் முதல் நாளில் இருந்தவை 5,000-ஐ எட்டவில்லை. புதிய பஸ்கள் பெரியவை, அதனால் இருக்கும் இடம் அவ்வளவாகக் குறையவில்லை என்று கணக்குச் சொன்னது. ஆனால் ஒரு பெரிய பஸ் ஒரே நேரத்தில் இரண்டு தெருக்களில் இருக்க முடியாது. பஸ் குறைந்தால் இடைவெளி கூடும். அந்த இடைவெளியில்தான் பயணி நிற்கிறார்.

காத்திருப்புக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். எந்த வழித்தட முன்மொழிவையும் எடைபோட இந்தக் கணக்கு ஒன்று போதும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒருவருக்கு வீட்டிலிருந்து வேலை இடம் வரை பஸ்ஸில் 40 நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். பழைய நேரடி பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக இடைவெளியில் பாதி காத்திருப்பார், அதாவது 10 நிமிடம். மொத்தம் 50.

இப்போது அந்த வழித்தடத்தை வெட்டி இரண்டாக்குகிறோம். அதில் மிச்சமான பஸ்களைக் கொண்டு இரண்டு துண்டுகளிலும் 8 நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுகிறோம். முதல் நிறுத்தத்தில் 4 நிமிடம், மாறும் இடத்தில் 4 நிமிடம், அங்கே நடக்க ஒரு 2 நிமிடம். மொத்தம் மறுபடி 50. கடிகாரத்தில் இழப்பில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் பஸ் உண்டு, வேறு திசைக்கும் அதே இடத்தில் மாறிப் போகலாம் என்பது ஆதாயம். வழித்தட மாற்றத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது இதைத்தான், அவர்கள் சொல்வது சரி.

ஆனால் 8 நிமிடம் என்று எழுதியது நடப்பில் 15 ஆனால்? காத்திருப்பு மட்டும் ஏழரையும் ஏழரையும் சேர்ந்து 15 நிமிடம். அப்புறம் பஸ்கள் சீராக வராமல் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால்? மணிக்கு நான்கு பஸ் என்ற கணக்கு மாறாது. ஆனால் இரண்டு ஒன்றாக வந்துவிட்டு அடுத்தது அரை மணி கழித்து வரும். சராசரிக் காத்திருப்பு ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம், இரண்டுக்கும் சேர்த்து 30. ஐம்பது நிமிடப் பயணம் எழுபதைத் தாண்டிவிட்டது. அட்டவணையில் ஒரு பஸ்கூடக் குறையவில்லை!

இன்னும் ஒன்று. கணக்கில் வரும் பஸ்ஸில் எப்போதும் இடம் இருக்கும். நிஜப் பஸ் நிரம்பி வரும், சில சமயம் நிற்காமலே போகும். முதல் பஸ்ஸில் ஏற முடியாதவருக்குக் காத்திருப்பு ஒரு முழு இடைவெளி கூடுகிறது. புறநகரில் பஸ் கிளம்பும் இடத்தில் ஏறுகிறவருக்கு இருக்கை கிடைக்கும். நடுவழியில் மாறுகிறவர் ஏற்கெனவே நிறைந்து வரும் பஸ்ஸில் தொற்றிக்கொள்ள வேண்டும். ஆக, வழித்தடத்தை வெட்டும்போது அவர் நேரத்தோடு இருக்கையையும் இழக்கிறார். முழங்கால் வலிக்காரருக்கு, கைக்குழந்தையோடு வருகிறவருக்கு, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு அந்த இருக்கைதான் பயணமே. எந்த அறிக்கையிலும் அதற்கென்று ஒரு பத்தி நான் பார்த்ததில்லை.

ஓடும் வண்டிக்குள் கழியும் ஒரு நிமிடத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகத் தெரிகிறது என்பது போக்குவரத்து ஆய்வுகளில் வெகுகாலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். மாறுவதற்கென்றே தனியாகச் சில நிமிடங்களைச் சுமையாகச் சேர்ப்பதும் வழக்கம். எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு அதனினும் கனமானது. எட்டு மணி வேலைக்கு ஒருவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார் என்பது சராசரிப் பயண நேரத்தைப் பொறுத்ததல்ல. மிக மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்பதைப் பொறுத்தது.

மார்ச் மாதம்

பிப்ரவரி சிலியில் கோடை விடுமுறை. கூட்டம் குறைவாக இருக்கும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006 அக்டோபரில் தொடங்க இருந்ததை ஒருமுறை தள்ளியும் வைத்திருந்தார்கள். அப்படியும் பல வேலைகள் முடியவில்லை. பஸ்களுக்கான தனித் தடங்கள் சொற்பமே தயாராகியிருந்தன. பஸ்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. மாறும் இடங்கள் பலவற்றில் ஒரு கூரைகூட இல்லை. புகழ்பெற்ற கால்பந்து வீரர் இவான் ஸமோரானோவை வைத்து விளம்பரம் செய்திருந்தார்கள். ஆனால் தன் தெருவிலிருந்து தன் வேலை இடத்துக்கு இனி எப்படிப் போவது என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடியவருக்கு விளம்பரத்தால் பயனில்லை.

மார்ச்சில் பள்ளிகள் திறந்து, எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் உண்மை வெளியே வந்தது. நிறுத்தங்களில் நீண்ட வரிசை. வந்த பஸ்களில் ஏற இடமில்லை. உள்ளூர்ப் பஸ்ஸுக்கு ஒருமுறை, தண்டுவடப் பஸ்ஸுக்கு ஒருமுறை என்று காத்திருந்தவர்கள் விடியுமுன் கிளம்பத் தொடங்கினார்கள். முன்பு வீட்டுத் தெருவிலேயே ஓடிய பஸ் இப்போது பெரிய சாலையில் மட்டும் ஓடியதால் நடையும் கூடியது. இரவுச் சேவை பல பகுதிகளுக்குப் போதவில்லை. தெருக்களில் போராட்டம் வெடித்தது.

மக்கள் அடுத்துச் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. நம்பக்கூடிய ஒன்றை நோக்கி ஓடினார்கள். அது மெட்ரோ. ரயில் சொன்ன நேரத்துக்கு வரும், இப்போது அதே அட்டையில், தனிக் கட்டணம் பெரிதாக இல்லாமல் ஏறலாம். 2006-ல் ஏறக்குறைய 33 கோடியாக இருந்த மெட்ரோ பயணங்கள் 2007-ல் 60 கோடியாகின. ஒரே ஆண்டில், அதே தண்டவாளத்தில். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது ஒரு சின்ன மேசையின் பரப்பு. பின்னர், காலையிலும் மாலையிலும் சில ரயில்கள் ஒரு நிலையம் விட்டு ஒரு நிலையம் நிற்கும் முறையைக் கொண்டுவந்து சமாளித்தார்கள்.

அப்போதைய அதிபர் மிஷெல் பாச்செலெட், முந்தைய அரசு வடிவமைத்த திட்டத்தைத் தன் ஆட்சியில் தொடங்கிவைத்தவர். மார்ச் கடைசியில் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம், குறிப்பாக சாந்தியாகோவின் ஏழை மக்களிடம், மன்னிப்புக் கோரினார். போக்குவரத்து அமைச்சர் செர்ஜியோ எஸ்பெஹோ விலக, ரெனே கோர்த்தாஸர் வந்தார். ஏழைகளைக் குறிப்பாகச் சொன்னது சரியான பேச்சு. கிழக்கில் கார் வைத்திருந்தவரின் காலை மாறவே இல்லை. தெற்கு விளிம்பில் இருந்தவர்தான் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

பஸ்கள் ஏன் வெளியே வரவில்லை

பஸ் போதவில்லை என்பது பாதி உண்மை. இருந்த பஸ்களும் முழுதாகச் சாலைக்கு வரவில்லை என்பது மறுபாதி, அதுதான் அதிகம் பேசப்பட வேண்டியது.

பழைய முறையில் பயணி ஏறினால்தான் காசு. அதனால் ஓட்டுநர் பயணிகளைத் துரத்தினார். இந்த வெறியை ஒழிக்கப் புதிய ஒப்பந்தங்கள் எதிர்ப் பக்கம் போய்விட்டன. எதிர்பார்த்த அளவு பயணிகள் வராவிட்டாலும் நிறுவனத்தின் வருமானத்தில் பெரும் பகுதி உறுதி செய்யப்பட்டிருந்தது. எத்தனை பஸ் ஓடியது, எந்த இடைவெளியில் ஓடியது என்று சரிபார்க்க வேண்டிய கண்காணிப்பு ஏற்பாடோ வேலை செய்யவில்லை. இந்த நிலையில் ஒரு பஸ் பணிமனையிலேயே நின்றால் டீசல் மிச்சம், டயர் மிச்சம், ஓட்டுநர் சம்பளமும் மிச்சம், வருமானம் மட்டும் குறையாது. நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு இந்த ஒப்பந்த வாசகம் தெரியாது. வராத பஸ்தான் தெரிந்தது.

ஆகவே வழித்தட வரைபடத்தைவிட ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும் என்பேன். வரைபடத்தில் வரைந்த கோடு எப்போது பஸ்ஸாக மாறும் என்பதை ஒப்பந்தம்தான் சொல்கிறது.

பழுது பார்த்த ஆண்டுகள்

இதற்குப் பிறகு நடந்தவை மெதுவானவை. பஸ் எண்ணிக்கையை ஏற்றி 6,000-ஐத் தாண்ட வைத்தார்கள். வெட்டிய வழித்தடங்கள் சிலவற்றை நீட்டினார்கள், புதியவற்றைச் சேர்த்தார்கள். கூட்டம் மிகுந்த நிறுத்தங்களைத் தடுப்பு போட்டு அடைத்து, உள்ளே நுழையும்போதே அட்டையைத் தட்ட வைத்தார்கள். பஸ் வந்ததும் எல்லாக் கதவுகளிலும் ஏறிக்கொள்ளலாம். எளிய ஏற்பாடு, செலவும் அதிகமில்லை, பஸ் நிற்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான், நிறுத்தத்தில் நின்று பார்த்த யாரோ யோசித்தது மாதிரி இருக்கிறது.

மானியமே வேண்டாம் என்ற நிபந்தனை தாக்குப்பிடிக்கவில்லை. 2009-ல் பொதுப் போக்குவரத்துக்கான மானியச் சட்டம் வந்தது. 2012-ஐ ஒட்டி ஒப்பந்தங்கள் புதிதாக எழுதப்பட்டன. ஏற்றிச் செல்லும் பயணிகளையும், ஓடிய பஸ்களின் ஒழுங்கையும் பொறுத்து வருமானம் என்றானது. தண்டுவடம், ஊட்டு என்ற கறாரான பிரிவினையும் கைவிடப்பட்டது. 2011-ல் மெட்ரோ மைப்பூ வரை நீண்டது. 2019 மார்ச்சில் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

நல்ல விளைவுகள் இல்லாமல் இல்லை. புகை குறைந்தது, விபத்துகள் குறைந்தன, மாணவர்களை ஏற்றாமல் போகும் வழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் போனது, ஓட்டுநருக்கு நிலையான சம்பளம் கிடைத்தது. ஆனால் ஒரு விஷயம் திரும்பவில்லை. முதல் மாதங்களின் கோபத்தில் அட்டையைத் தட்டாமல் ஏறத் தொடங்கியவர்கள் அப்படியே பழகிவிட்டார்கள். பிந்தைய ஆண்டுகளில் பஸ் பயணிகளில் நான்கில் ஒருவராவது கட்டணம் கட்டாமல் ஏறும் அளவுக்கு அது வளர்ந்தது. பஸ்களைக் கூட்டலாம், ஒப்பந்தத்தைத் திருத்தலாம். தன்னை ஏமாற்றிய ஏற்பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால் அதைத் திருத்த எந்தத் துறையிடமும் கருவி இல்லை.

வேறு மூன்று ஊர்கள்

ஒரே நாளில் மாற்றியதுதான் தவறு என்று சொல்வோர் உண்டு. முழுக்கச் சரியில்லை. தென்கொரியாவின் சோல் நகரமும் 2004 ஜூலை 1 அன்று ஒரே நாளில்தான் மாறியது. லீ மியுங்-பாக் அப்போது மேயர். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வேலைக்கேற்ற நிறம், புதிய எண்கள், தூரத்துக்கேற்ற கட்டணம், புதிய அட்டை. முதல் நாளில் அட்டை இயந்திரங்கள் பழுதாகி அங்கும் குழப்பம், மேயரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சில மாதங்களில் நிலைமை சீரானது. சாலை நடுவே பஸ்களுக்கான தடங்கள் போடப்பட்டிருந்தன, எந்தப் பஸ் எங்கே இருக்கிறது என்று மையத்துக்குத் தெரிந்தது, நிறுவனங்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் காசு. பஸ்ஸை வெளியே எடுத்தால்தான் வருமானம் என்பதால் பஸ்கள் வந்தன.

அமெரிக்காவின் ஹியூஸ்டனும் 2015 ஆகஸ்ட் 16 அன்று தன் உள்ளூர் வழித்தடங்களை ஒரே இரவில் மாற்றியது. அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வரைபடத்துக்கு முன்பு நடந்த ஒரு பேச்சு. இருக்கிற பணத்தில் 80 சதவீதத்தை அதிகம் பேர் ஏறும் இடங்களில் அடிக்கடி பஸ் விடுவதற்கும், 20 சதவீதத்தை ஆள் குறைவான பகுதிகளையும் விட்டுவிடாமல் இருப்பதற்கும் செலவிடுவது என்று நிர்வாகக் குழு வெளிப்படையாக முடிவெடுத்தது. வரைவை 2014-ல் மக்கள் முன் வைத்து, கருத்துக் கேட்டு, திருத்தி, பிறகே ஒப்புதல் தந்தார்கள். முக்கிய வழித்தடங்களில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமையிலும். சிலருக்கு இழப்பு ஏற்பட்டது. ஆனால் யாருக்கு, எதற்காக என்பது மறைக்கப்படவில்லை.

பார்சிலோனா அவசரப்படவே இல்லை. கிடைமட்டம், செங்குத்து, மூலைவிட்டம் என்று 28 வழித்தடங்கள் கொண்ட புதிய வலையை 2012 அக்டோபரில் தொடங்கி 2018 நவம்பரில்தான் முடித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சில வழித்தடங்கள் மட்டும்.

முன்மொழிவைக் கையில் எடுக்கும்போது

ஒரு நகரம் வழித்தட மாற்றத்துக்கான வரைவை வெளியிட்டால், அதில் பளிச்சென்று தெரிவது வண்ணக் கோடுகள். கண் முதலில் தன் தெருவைத் தேடும். தெருவில் கோடு இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் கோபம். இரண்டுமே அவசரம். கோடு இருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தால் அது உங்களுக்கு உதவாது. கோடு ஒரு தெரு தள்ளிப்போய் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நீங்கள் ஆதாயம் பெற்றவர்.

எனவே முதலில் இடைவெளியைப் பாருங்கள். காலை நெரிசல் நேரத்து இடைவெளியை மட்டும் எழுதியிருந்தால், மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கேளுங்கள். நேரடி பஸ் வெட்டப்பட்டால், மாறும் இடத்தின் பெயரைக் கேட்டு, அங்கே ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள். சாலையைக் கடக்க வேண்டுமா? நிழல் உண்டா? இரவில் விளக்கு உண்டா? வரும் பஸ்ஸில் ஏற இடம் இருக்குமா? மாறும்போது மறுபடி கட்டணமா, அதே டிக்கெட்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மொத்தப் பஸ் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதை விடாதீர்கள். பஸ்கள் குறைந்து, மாறுவது கூடும் என்று ஒரே வரைவு சொன்னால், சாந்தியாகோவில் 2007 மார்ச்சில் நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள். அட்டவணைப்படி பஸ் வராவிட்டால் நடத்துகிறவருக்கு என்ன இழப்பு என்றும் கேளுங்கள். "ஒரு இழப்பும் இல்லை" என்றால் அந்த அட்டவணையை நம்ப முடியாது.

சராசரிப் பயண நேரம் இத்தனை நிமிடம் குறைகிறது என்று ஒரு வரி எல்லா வரைவிலும் இருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் பேருக்கு மூன்று நிமிடம் மிச்சமாகி, ஐந்நூறு பேருக்கு அரை மணி கூடினாலும் சராசரி குறையும். அந்த ஐந்நூறு பேர் யார், எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பயணம் செய்கிறார்கள் என்று தனியாக ஒரு பட்டியல் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் விடியற்காலையிலும் பின்னிரவிலும் பயணம் செய்கிறவர்கள், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நேரத்தில் வேலையில் இருப்பவர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வர முடியாது. வரைவைப் போட்டவர்கள்தான் இரவு பத்து மணிக்குப் பஸ் கிளம்பும் இடத்துக்கும், விடியற்காலை நாலரைக்கு முதல் பஸ் வரும் நிறுத்தத்துக்கும் போய் அவர்களிடம் கேட்க வேண்டும்.